அரசு லேப்டாப்பில் லினக்ஸ்: வைஃபை எங்கே போச்சு?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்றைக்குத்தான் திருவள்ளூரில் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் கட்டத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல் லேப்டாப் வாங்க எல்காட் டெண்டர் விட்டது. உலகத்தில் எந்த மாநில அரசும் அந்த அளவுக்கு லேப்டாப் வாங்கியிருக்குமா என்று அப்போது பேசிக்கொண்டோம். பலருக்கு மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. அந்த லேப்டாப்களில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்றால் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கியது. தரமணி டைடல் பார்க்கில் உட்கார்ந்து செய்த வேலை, வெளியூர் சரக்கு இல்லை.

நான் பார்த்தவரை, அந்த லினக்ஸ் பகுதியை உயிரோடு வைத்திருந்தவர்கள் குறைவு. கையில் கிடைத்த ஒரு மாதத்திலேயே தெருமுனைக் கடையில் கொடுத்து, இரண்டையும் அழித்துவிட்டு, எங்கிருந்தோ வந்த விண்டோஸ் 7 அல்டிமேட்டைப் போட்டுக்கொண்டார்கள். அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. ஸ்டார்ட்டர் பதிப்பில் டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயசுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்!

இப்போது அந்த மெஷின்கள் எங்கே? நிறைய பரணில். சில, வீட்டில் அடுத்து காலேஜ் சேரும் பிள்ளையின் கையில். அப்படி ஒன்றுதான் என்னிடம் வந்தது. எங்கள் பக்கம் மயிலாப்பூரில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவின் மகள் இந்த வருஷம் பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். மாமாவுக்கு 2013ல் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. மேலே அரசு முத்திரை, கீழே பாதி கிழிந்த விண்டோஸ் ஸ்டிக்கர். யாரோ தெரிந்த பையன் ஒரு பழைய லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். “எல்லாம் வருதுண்ணா, வைஃபை மட்டும் வரல. கடையில கேட்டா இந்த மாடலுக்கு லினக்ஸ் செட் ஆகாது, புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க” என்றாள். புதுசு என்றால் குறைந்தது இருபத்தைந்து, முப்பதாயிரம். ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கும் வீட்டில் அந்தத் தொகைக்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

“செட் ஆகாது” என்ற வார்த்தையைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன். அது ஒரே கோளாறு இல்லை. நாலைந்து தனித்தனிக் கோளாறுகளுக்கு வைத்த ஒரே பெயர்.

விண்டோஸுக்கே திரும்பிப் போகலாமே என்று கேட்கலாம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். அந்தத் தலைமுறை வந்ததே 2017ல்தான். 2013 மெஷின் அந்த வாசலில் நிற்கவே முடியாது. விதியை ஏமாற்றி நுழைக்கும் வழிகள் இருக்கின்றன. 2 ஜிபி ரேமில் அதை ஓட்டிப் பார்த்தால் ஏன் விதி வைத்தார்கள் என்று புரியும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை ஒதுக்கிவிடுவோம். “இது 32 பிட் மெஷின், இதுக்கு இப்ப எந்த லினக்ஸும் வராது” என்று ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டும்தான் வந்தது. அதனால் வந்த குழப்பம் இது. இயங்குதளம் 32 பிட்டாக இருந்தது, ப்ராசஸர் அல்ல. அந்தக் காலத்து பென்டியம் டூயல் கோர் லேப்டாப் ப்ராசஸர்கள் 64 பிட்டையும் ஓட்டும். ‘எல்எஸ்சிபியு’ என்று டெர்மினலில் அடித்தால், மேலேயே 32 பிட், 64 பிட் இரண்டும் காட்டும். இதைப் பார்த்து உறுதி செய்துகொள்வது முக்கியம். ஏனென்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 32 பிட் கணினிகளுக்கான கெர்னலும் இன்ஸ்டாலரும் கிடையாது. உபுண்டு அதற்குப் பல வருஷம் முன்பே நிறுத்திவிட்டது. 64 பிட் என்று தெரிந்தால் இன்றைய லினக்ஸ் எதையும் போடலாம்.

இப்போது வைஃபை.

லினக்ஸில் ஒரு சாதனம் வேலை செய்ய வேண்டும் என்றால் அதன் பெயர் தெரிந்தாக வேண்டும். லேப்டாப் மேல் போட்டிருக்கும் பெயர் இதற்கு உதவாது. ஒரே மாடல் எண்ணில், ஒரே மாதத்தில் வந்த இரண்டு பெட்டிகளுக்குள் இரண்டு வேறு வைஃபை கார்டுகள் இருக்கும். கம்பெனி அன்றைக்கு எது மலிவோ அதை வைக்கும். அதனால் “இந்த மாடலில் லினக்ஸ் வருமா?” என்ற கேள்வியே பாதி தப்பு. உள்ளே இருக்கும் சிப் எது என்றுதான் கேட்க வேண்டும். பிசிஐ சாதனம் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றி இரண்டு எண்களைச் சொல்லும். முதல் எண் தயாரிப்பாளர், இரண்டாவது சிப். இன்டெல்லின் எண் 8086. அந்தக் கம்பெனியை உலகறியச் செய்த ப்ராசஸரின் பெயரையே எண்ணாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏஎம்டியின் எண் 1022. பிராட்காம் 14இ4, ரியல்டெக் 10இசி. ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்று அடித்தால் ஒவ்வொரு சாதனத்தின் பக்கத்திலும் சதுர அடைப்புக்குள் இந்த எண்கள் இருக்கும். அதன் கீழே “கெர்னல் டிரைவர் இன் யூஸ்” என்று ஒரு வரி. அந்த வரி இருந்தால், கெர்னல் அந்தச் சாதனத்தை அடையாளம் கண்டு ஒரு டிரைவரைக் கொடுத்துவிட்டது என்று பொருள். வரியே இல்லை என்றால் டிரைவர் பிரச்சினை. வரி இருந்தும் வைஃபை வரவில்லை என்றால் பிரச்சினை வேறு இடத்தில். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் இணையத்தில் தேடி பத்து கட்டளைகளை ஒட்டிப் பார்ப்பவர்கள்தான் கடைசியில் “செட் ஆகாது” என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

அவள் லேப்டாப்பில் அந்த வரி இருந்தது. எந்தக் கம்பெனி சிப் என்பது இங்கே முக்கியமில்லை. டிரைவர் இருக்கிறது, ஆனால் வைஃபை பட்டியலே காலி.

அடுத்து ‘டிமெஸ்க்’. கெர்னல் தான் எழுந்ததிலிருந்து என்னென்ன பார்த்தது என்று எழுதி வைக்கும் நாட்குறிப்பு அது. அதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடினால், ஒரு கோப்பை ஏற்ற முடியவில்லை என்று வரி வரியாகப் புலம்பியிருந்தது.

டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு. டிரைவர் நம் கணினியின் ப்ராசஸரில் ஓடுவது. ஃபர்ம்வேர் அந்த வைஃபை சிப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி ப்ராசஸரில் ஓடுவது. பழைய கார்டுகளில் அது சிப்பிலேயே நிரந்தரமாகப் பதிந்திருந்தது. பிறகு காசை மிச்சம் பிடிக்க அந்த நினைவகத்தை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் டிரைவர்தான் ஃபர்ம்வேர் கோப்பை எடுத்து சிப்புக்குள் ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் அது வெறும் சிலிக்கான் துண்டு. அடுப்பு இருக்கு, சமையல்காரர் இருக்கிறார், அரிசி இல்லை.

அரிசி ஏன் இல்லை? அது உரிமம் சார்ந்த விஷயம். ஃபர்ம்வேரின் மூல நிரலை பெரும்பாலான கம்பெனிகள் வெளியிடுவதில்லை. டெபியன் போன்ற திட்டங்கள் கட்டற்ற மென்பொருள் அல்லாத எதையும் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் வைக்க மாட்டோம் என்று பல வருஷம் பிடிவாதமாக இருந்தன. கொள்கையாகப் பார்த்தால் எனக்கு மரியாதைதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆனது? வைஃபை ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர வைஃபை ஃபர்ம்வேர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதை. 2022ல் டெபியன் உறுப்பினர்கள் இதற்கு வாக்கெடுப்பே நடத்தினார்கள். அதன் பிறகு 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர்களையும் இன்ஸ்டாலரோடு சேர்த்தே தருகிறார்கள். எனவே பழைய லைவ் பென் டிரைவை வைத்துச் சோதித்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். 2015ல் தோற்ற மெஷின் இன்றைய பென் டிரைவில் ஒரு கட்டளையும் இல்லாமல் எழுந்து வரலாம்.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பிராட்காமின் சில பழைய சிப்களுக்கு ‘பி43’ என்ற டிரைவரை, கம்பெனியின் ஆவணம் எதுவும் இல்லாமலே, ஆர்வலர்கள் தலைகீழ்ப் பொறியியல் செய்து எழுதினார்கள். அதற்கான ஃபர்ம்வேரை மற்றவர்கள் விநியோகிக்க உரிமை இல்லை. அதனால் ‘பி43-எஃப்டபிள்யூகட்டர்’ என்று ஒரு சின்னக் கருவி: கம்பெனியின் மூடிய டிரைவர் கோப்பை நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும், கருவி அதை அறுத்து உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரை எடுத்துக் கொடுக்கும். பெயரிலேயே கத்தி. 2010 செப்டம்பரில் அதே பிராட்காம் தன் புதிய சிப்களுக்கான திறந்த மூல டிரைவரைத் தானே வெளியிட்டபோது லினக்ஸ் ஆட்களுக்கு அது பண்டிகை. 14இ4 என்ற எண்ணைப் பார்த்தால் மட்டும் எந்தச் சிப் என்று இரண்டாவது எண்ணையும் நிதானமாகப் பாருங்கள். சிலவற்றுக்கு ‘பி43’, சிலவற்றுக்குத் திறந்த டிரைவர், சிலவற்றுக்குக் கம்பெனியின் மூடிய ‘டபிள்யூஎல்’ டிரைவர்தான் வழி. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று இழுத்துக் கீழே தள்ளும்.

இணையம் இல்லாமல் ஃபர்ம்வேரை எப்படி இறக்குவது? லேன் கேபிள் வைத்திருக்கும் வீடுகள் இப்போது குறைவு. ஆனால் ஆண்ட்ராய்டு போன் இல்லாத வீடு இல்லை. சார்ஜர் கேபிளால் போனை லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால், லினக்ஸுக்கு அது ஒரு லேன் கார்டாகத் தெரியும். அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் எதுவும் வேண்டாம். போனின் மொபைல் டேட்டா மட்டுமல்ல, போன் ஏதாவது வைஃபையில் இருந்தால் அதையும் கடத்தும். அவள் இதைப் பார்த்துவிட்டு, “அப்போ வைஃபையே வேணாமேண்ணா, இதுவே போதும்” என்றாள். நல்ல கேள்விதான். ஆனால் போனை அம்மா எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விடுவார்.

ஃபர்ம்வேர் ஏறியது. ‘டிமெஸ்க்’ புலம்பலை நிறுத்தியது. வைஃபை? அப்போதும் இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள், ஏனென்றால் இப்போது பிழைச் செய்தி எதுவும் கிடையாது. அடிக்க வேண்டியது ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’. ரேடியோ அலையைக் கொல்லும் சுவிட்சுகளின் பட்டியல். ஒவ்வொரு வைஃபைக்கும் புளூடூத்துக்கும் இரண்டு வரிகள் வரும்: சாஃப்ட் பிளாக்டு, ஹார்ட் பிளாக்டு. சாஃப்ட் என்றால் மென்பொருள் தடுத்திருக்கிறது. ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்’ என்று அடித்தால் போய்விடும். ஹார்ட் என்றால் உடலில் இருக்கும் பொத்தான் தடுத்திருக்கிறது. அந்தக் கால லேப்டாப்களில் முன் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது தானாக நகர்ந்துவிடும். மணிக்கணக்காக டிரைவரோடு மல்லுக்கட்டியவர்களை ஒரு விரல் அசைவில் காப்பாற்றிய சுவிட்ச் அது. முதலில் அதைத் தேடுங்கள்.

இந்த மெஷினில் ஹார்ட் பிளாக்டு: ‘யெஸ்’. ஆனால் சுவிட்சே கிடையாது. சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாயிற்று, மழுமழு விளிம்பு.

இல்லாத சுவிட்ச் எப்படி ஆஃபில் இருக்கும்? கெர்னலில் ஒவ்வொரு லேப்டாப் குடும்பத்துக்கும் சின்னச் சின்ன மாட்யூல்கள் இருக்கின்றன: ‘ஹெச்பி-டபிள்யூஎம்ஐ’, ‘ஐடியாபேட்-லேப்டாப்’, ‘டெல்-லேப்டாப்’, ‘ஏசர்-டபிள்யூஎம்ஐ’ என்று. சிறப்பு விசைகள், விளக்குகள், சுவிட்சுகள் எல்லாம் இவற்றின் பொறுப்பு. மாட்யூல் பயாஸிடம் “சுவிட்ச் எந்த நிலையில் இருக்கு?” என்று கேட்கும். சுவிட்ச் இல்லாத மாடலின் பயாஸ் “எனக்கு அப்படி ஒன்று கிடையாது” என்று சொன்னால் பிரச்சினை இல்லை. சில பயாஸ்கள் வெறும் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் ஆஃப். முடிந்தது கதை. இப்படிப்பட்ட மாடல்களின் பெயர்களைக் கெர்னல் எழுதுபவர்கள் நிரலுக்குள்ளேயே ஒரு பட்டியலாகச் சேர்த்து வந்தார்கள். யாராவது புகார் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாக நீண்ட பட்டியல் அது. உங்கள் மாடல் பட்டியலில் இல்லை என்றால் நீங்கள்தான் அந்த மாடலை வைத்துக்கொண்டு முதலில் புகார் சொல்லும் ஆள்.

சோதிக்கும் முறை எளிது. ‘மோட்புரோப் -ஆர்’ என்று அடித்து அந்த மாட்யூலின் பெயரைக் கொடுத்தால், அது தற்காலிகமாக வெளியேறும். வைஃபை பட்டியல் உடனே நிரம்பினால் குற்றவாளி அதுதான். மறுபடி பூட் செய்தால் திரும்ப வந்துவிடும் என்பதால் எதுவும் கெட்டுப்போகாது. உறுதியான பிறகு, ‘இடிசி’ அடைவுக்குள் ‘மோட்புரோப்.டி’யில் ஒரு கோப்பு வைத்து அந்த மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்யலாம். இதற்கு ஒரு விலை உண்டு; சில எஃப்என் விசைகள் வேலை செய்யாமல் போகலாம். டச்பேடை அணைக்கும் விசை போனதற்கு அவள் வருத்தப்படவில்லை.

பதினோரு வைஃபை பெயர்கள் வந்தன. மயிலாப்பூர் அபார்ட்மென்ட்கள் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

அடுத்தது இன்னும் சுவாரசியம். வைஃபை இணைந்துவிட்டது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. பிரவுசர், “இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று எல்லா தளத்துக்கும் ஒரே பாட்டு. மென்பொருளை அப்டேட் செய்யப் போனால் பட்டியல் கோப்பு “இன்னும் செல்லுபடியாகவில்லை” என்கிறது. இன்னும் செல்லுபடியாகவில்லை என்றால் என்ன அர்த்தம்? மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். 2013 ஜனவரி 1. தாய்ப்பலகையில் கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. கணினி 2013ல் நின்றுகொண்டு, இந்த வருஷம் வழங்கிய பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பார்த்து “இது எதிர்காலத்துச் சீட்டு” என்று நிராகரிக்கிறது. பெரும்பாலும் அது சிஆர்2032 பேட்டரிதான், ஆனால் லேப்டாப்பில் குட்டி ஒயரும் பிளக்கும் வைத்து வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். இணையத்தோடு நேரத்தை ஒத்துப்பார்க்கும் சேவை லினக்ஸில் உண்டு என்றாலும் ஒவ்வொரு முறையும் அதை நம்பி இருப்பதைவிட பேட்டரியை மாற்றுவது மேல். இதை “லினக்ஸில் நெட் வராது” என்று எத்தனை பேர் எழுதிவைத்திருப்பார்களோ.

ரிச்சி ஸ்ட்ரீட் என்றதும் ஒரு இடைச்செருகல். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் சிந்தாதிரிப்பேட்டை. அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அதே ரயிலில் எதிர்த் திசையில் போனால் கஸ்தூரிபா நகர், பக்கத்தில் ஐஐடி. சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதாந்திரக் கூட்டங்கள் பல வருஷம் நடந்தது அந்த வளாகத்தில்தான், இரண்டாவது சனிக்கிழமை. இன்னும் இரண்டு ஸ்டேஷன் தாண்டி திருவான்மியூரில் இறங்கினால் எதிரே டைடல் பார்க், பாஸ் லினக்ஸ் பிறந்த இடம். டெண்டர் விட்ட எல்காட் மட்டும் இந்தத் தடத்தில் இல்லை; அது தி.நகருக்குப் பக்கத்தில் நந்தனத்தில், அண்ணா சாலையில். ஒரு இலவச லேப்டாப்பின் முழு ஜாதகமும் ஒரே ரயில் தடத்திலும் ஒரு பஸ் டிக்கெட்டிலும் அடங்கிவிடுகிறது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவை: பேட்டரி, ஒரு ரேம், ஒரு சாட்டா எஸ்எஸ்டி. ரேமில் ஒரு கவனம். அந்தக் காலத்து மெஷின்களில் டிடிஆர்3. அதிலேயே 1.5 வோல்ட்டில் ஓடும் சாதா வகை, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் என்று இரண்டு. இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்கள் ‘எல்’ வகையை மட்டுமே ஏற்கும். டிடிஆர்3எல் 1.5 வோல்ட்டிலும் ஓடும். ஆகவே சந்தேகம் இருந்தால் ‘எல்’ கேளுங்கள். கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்பார். ஒண்ணு இல்லை. 2 ஜிபியை 6 ஆக்கியதில்தான் அந்த மெஷின் நிஜமாகவே உயிர் பெற்றது. லினக்ஸ் லேசானது என்பது பாதி உண்மை. டெஸ்க்டாப் லேசாக இருக்கலாம், பிரவுசர் எந்த இயங்குதளத்திலும் அதே பகாசுரன்தான்.

யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றை வாங்கிச் செருகினால் இவ்வளவு பாடு தேவையில்லையே என்று நினைப்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் அங்கேயும் பெயர் ஏமாற்றும். புகழ்பெற்ற உதாரணம் டிபி-லிங்க் டபிள்யூஎன்722என். முதல் பதிப்பில் ஏதெராஸ் சிப். அதன் ஃபர்ம்வேரின் மூல நிரல்கூட திறந்தது, லினக்ஸ் ஆட்கள் தேடி வாங்குவார்கள். இரண்டாம் பதிப்பில் அதே பெயர், அதே பெட்டி, உள்ளே ரியல்டெக் சிப், முற்றிலும் வேறு டிரைவர். பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்தான் வித்தியாசம். கூட்டத்தில் நின்றுகொண்டு அதைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

செக்யூர் பூட் பற்றிக் கொஞ்சம். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த மெஷின்களில் இது இருக்கும். கையொப்பம் இல்லாத கெர்னல் மாட்யூலை ஏற்ற விடாது. உபுண்டு, டெபியன் கெர்னலும் அதோடு வரும் டிரைவர்களும் கையொப்பமிட்டவை, பிரச்சினை இல்லை. ஆனால் மேலே சொன்ன ‘டபிள்யூஎல்’ போல, உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படும் டிரைவர்களுக்குக் கையொப்பத்தை நீங்கள்தான் அங்கீகரிக்க வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை பூட் ஆகும்போது நீலத்திரை ஒன்று சில விநாடி வந்து நிற்கும். அதில் ‘என்ரோல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நீலம் என்றாலே பயந்துபோய் எதையோ அழுத்தித் தாண்டிவிடுவார்கள். பிறகு டிரைவர் நிறுவியும் வரவில்லை என்பார்கள்.

வெளிச்சம் கூட்டும் விசை வேலை செய்யாதது இன்னொரு புகார். இதன் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. லேப்டாப்பின் பயாஸ் எழுந்ததும், “உன்னைப் பற்றிச் சொல்லு, நீ விண்டோஸ் 2009ஆ? 2012ஆ?” என்று இயங்குதளத்தைக் கேட்கும். 2009 என்றால் விண்டோஸ் 7. 2012 என்றால் 8. பதிலைப் பொறுத்து நடத்தையை மாற்றிக்கொள்ளும். லினக்ஸ் என்ன பதில் சொல்லும் தெரியுமா? எல்லாவற்றுக்கும் “ஆமாம்”. “நீ லினக்ஸா?” என்று கேட்டால் மட்டும் “இல்லை”. பொய்தான், ஆனால் அனுபவத்தில் கற்ற பொய். லேப்டாப் கம்பெனிகள் சோதித்துப் பார்த்தது விண்டோஸ் வழியை மட்டும்தான். லினக்ஸ் என்று உண்மை சொன்னால் யாரும் சோதிக்காத சந்தில் கொண்டுபோய் விட்டுவிடும். விண்டோஸ் 8 என்று சொன்ன பிறகு, “அப்படியானால் திரை வெளிச்சத்தை நீயே பார்த்துக்கொள்” என்று சில பயாஸ்கள் கையைக் கழுவும். அப்போது விசை அழுத்தினால் திரையில் பட்டை மட்டும் கூடும், வெளிச்சம் கூடாது. பூட் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்’ என்று சேர்த்துப் பாருங்கள்; பயன் இல்லாவிட்டால் நேட்டிவ் என்ற இடத்தில் ‘வெண்டார்’. அந்த ஒரு முறைக்கு மட்டும்தான் அது பொருந்தும், சரிவந்தால் பிறகு ‘கிரப்’ அமைப்பில் நிரந்தரமாக எழுதலாம். இவளுக்கு ‘வெண்டார்’ வேலை செய்தது.

மூடி வைத்துத் திறந்தால் எழ வேண்டிய ஸ்லீப் மட்டும் சரியாகவில்லை. பத்துக்கு மூன்று முறை கறுப்புத் திரையிலேயே நிற்கிறது. புது கெர்னல், பழைய கெர்னல் இரண்டும் பார்த்தேன். எஸ்எஸ்டி போட்ட பிறகு முழுசாக அணைத்து எழுப்பவே அரை நிமிஷம்கூட ஆகவில்லை என்பதால் மூடியை மூடினால் எதுவும் செய்யாதே என்று அமைத்துவிட்டேன். இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

லினக்ஸ் போடுவதற்கு முன் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி வன்பொருள் பற்றியதே இல்லை. “காலேஜ்ல என்ன சாஃப்ட்வேர் கேக்கறாங்க?” சி லேப் இன்னும் டர்போ சியில்தான். கடவுளே. ஆனால் டாஸ்பாக்ஸில் அது லினக்ஸில் ஜோராக ஓடும், விண்டோஸிலும் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறார்கள். பைத்தான், ஜாவா, மைஎஸ்க்யூஎல் எல்லாம் லினக்ஸின் சொந்த வீடு. இதே கேள்விக்கு ஒரு பி.காம். மாணவி “டேலி” என்று பதில் சொல்லியிருந்தால் நான் விண்டோஸைத் தொட்டிருக்க மாட்டேன். டேலி விண்டோஸுக்கானது. வகுப்புக்கு டேலி கட்டாயம் என்றால் லினக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸை அழிக்காதீர்கள். சில தேர்வுகளுக்கான பூட்டு பிரவுசர்களும் அப்படித்தான். கட்டற்ற மென்பொருள் ஆர்வத்தில் அடுத்தவர் தேர்வைப் பணயம் வைக்கக்கூடாது.

அரசுத் திட்டத்துக்குத் திரும்புகிறேன். டெண்டரில் லினக்ஸும் ஓட வேண்டும் என்று ஒரு வரி இருந்ததில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு, யாரும்தான் பயன்படுத்தவில்லையே? எனக்கு அந்த வரி பெரிய விஷயம். லட்சக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் கம்பெனி கேட்கும். ஒற்றை ஆளாக நானும் நீங்களும் எந்த சிப் வைக்கச் சொல்லியும் யாரிடமும் பேச முடியாது. ஆனால் அந்த வரி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம். வாங்கும் நாளில் ஓடினால் போதாது. டிரைவர்கள் பொதுக் கெர்னலிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். முன்கூட்டியே நிறுவித் தரும் லினக்ஸில், அந்தக் கெர்னல் பதிப்போடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் தனி டிரைவரைப் போட்டுச் சோதனையைத் தாண்டிவிட முடியும். பதிப்பு மாறியதும் அது உதிர்ந்துவிடும். பொதுக் கெர்னலில் சேர்ந்த டிரைவரை வருஷாவருஷம் யாரோ பராமரிக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து எந்தக் கம்பெனியையும் கேட்காமல் அந்தச் சிப்புக்கு டிரைவர் தயாராக இருந்தது அதனால்தான். 2025–26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மறுபடி அறிவித்தார்கள். அந்த மெஷின்களும் 2037ல் யாரோ ஒருத்தியின் தங்கைக்கோ மருமகளுக்கோ போகும்.

நீங்களும் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினால், எதையும் அழிக்கும் முன் இரண்டு காரியம். ஹார்டு டிஸ்கில் யாருடைய பள்ளிப் படங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அந்த மாமாவின் ப்ளஸ் டூ ஃபேர்வெல் போட்டோக்கள் இதில்தான் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. பிறகு ‘ஸ்மார்ட்சிடிஎல்’ வைத்து டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டார் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் அதில் புதிதாக எதையும் நிறுவாதீர்கள். படங்களை எடுத்துக்கொண்டு டிஸ்கை மாற்றுங்கள். அதன்பின் புதிய லைவ் பென் டிரைவில் பூட் செய்து வைஃபை, வெளிச்சம், ஒலி, மைக், கேமரா, ஸ்லீப் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். புரொஜெக்டரையும் மறக்க வேண்டாம், செமினார் அன்றைக்குத்தான் அது நினைவுக்கு வரும். தமிழ்99 விசைப்பலகை எல்லா லினக்ஸிலும் அமைப்புக்குள்ளேயே கிடைக்கிறது, தனியாக எதையும் வாங்க வேண்டாம்.

போன வாரம் அவள் வந்து, வகுப்பில் இன்னும் நாலு பேரிடம் இதே மாதிரி பழைய அரசு லேப்டாப் இருக்கிறது என்றாள். இரண்டில் வைஃபை வரவில்லையாம். ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’யும் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’டும் அடித்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒன்று வந்துவிட்டது. சாஃப்ட் பிளாக்டு: ‘யெஸ்’. அதை அவளே பார்த்துக்கொள்வாள்.